சிவப்பு எழுத்துகளைச் சத்தமாகப் படிக்கவும்

கையேட்டம்மா "மாட்டேன்" என்று சொன்னபோது அந்த அறையின் ஏசிகூட ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதலாளி முன்னால் அந்தச் சொல்லை யாரும் அதுவரை சொன்னதில்லை. சொல்லத் தோன்றியவர்கள் எல்லாம் அதைத் தேநீரோடு விழுங்கிவிட்டு, "பாக்கலாம் சார்" என்று வெளியே விடுவதுதான் வழக்கம்.

கணினிப் பாடங்களை வீடியோவாக எடுத்து விற்கிற நிறுவனம் அது. மாடியில் ஒலிப்பதிவு அறை. கீழே மேசைகள். படிக்கட்டுக்கு அடியில், துடைப்பமும் பக்கெட்டும் இருக்க வேண்டிய இடத்தில், லேப். வாடகைக்கு எடுத்த பழைய சர்வர்கள் அங்கே ஒரு இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும். அவற்றின் விசிறிச் சத்தத்தில் நாலு விமானம் ஒரே சமயத்தில் கிளம்பினாலும் காதில் விழாது. அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துதான் கையேட்டம்மா எழுதுவாள்.

வீடியோவில் பேசுகிறவர் தேன்குரல். மின்தடை அறிவிப்பை வாசித்தாலும் தாலாட்டாகக் கேட்கும் குரல் அவருக்கு. கேட்கிறவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிக்குத் தைலம் வாங்கியிருக்கிறார்கள். அந்த வீடியோ முடிந்ததும் கூடவே ஒரு செய்முறைக் கையேடு வரும். இதைத் திறக்கவும், இதை அடிக்கவும், என்ன வருகிறது என்று பார்க்கவும் என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போகும். எல்லாம் ஒழுங்காக ஓடி, படிக்கிறவர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டுகிற நேரம் பார்த்து, அந்தப் பக்கம் வரும். உடைக்கும் பக்கம். இதுவரை கட்டியதை உங்கள் கையாலேயே உடைக்கவும் என்று சொல்லும். பிறகு, சரிசெய்யவும் என்று சொல்லும். கையேட்டம்மா எழுதிய எந்தக் கையேடும் உடைக்கும் பக்கம் இல்லாமல் வெளியே போனதில்லை.

முதலாளிக்கு அந்தப் பக்கம்தான் தொண்டையில் மாட்டிய முள். அவன் வயதில் சின்னவன். காதில் ஒன்று, கழுத்தில் ஒன்று, மேசையில் ஒன்று என்று எப்போதும் மூன்று ஹெட்ஃபோனாவது சுற்றி இருக்கும். எதையும் முழுதாகக் கேட்டதில்லை. அன்று கூட்டத்தில் அவன் ஒரு புகாரை எடுத்து வாசித்தான். "கையேட்டில் உள்ளபடியே செய்தேன். என் சர்வர் செத்துவிட்டது. கையேட்டில் பிழை இருக்கிறது."

"பிழை இல்ல. அதுதான் பாடம்," என்றாள் கையேட்டம்மா. "செத்ததுக்கு அப்புறம் என்ன பண்ணணும்னு அடுத்த பக்கத்துல இருக்கு. அவர் பக்கத்தைத் திருப்பல."

திருப்ப மாட்டார்கள் என்றான் முதலாளி. யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் புதிய பாடத்திலிருந்து, அவள் அதற்கு ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாலும், கையேடு கிடையாது, லேபும் கிடையாது. பதிலாக ஒரு சிமுலேட்டர் வாங்கியிருக்கிறான். பார்க்க நிஜக் கணினி மாதிரியே இருக்கும். ஆனால் கீபோர்டில் எந்த எழுத்தைத் தட்டினாலும் திரையில் சரியான கட்டளைதான் விழும். யாராலும் தப்பே செய்ய முடியாது. இதைச் சொல்லும்போது, உலகத்திலிருந்து தலைவலியை ஒழித்தவனைப் போல அவன் முகம் பளபளத்தது. கையேட்டம்மா அதற்கு வேண்டிய வாசகங்களை எழுதித் தந்தால் போதும். லேப் இருந்த இடத்தில் காபி மெஷின் வரும்.

அப்போதுதான் அவள் மாட்டேன் என்றாள். சொன்ன பிறகு, ஒன்றே ஒன்று கேட்டாள். இந்த நிறுவனத்திலிருந்து எது வெளியே போனாலும் கண்கட்டுச் சோதனை உண்டு. பாடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், எழுதியிருப்பதை மட்டும், எழுதியிருப்பது மாதிரியே செய்து பார்ப்பார். அந்த விதியைப் போட்டதே முதலாளிதான். சிமுலேட்டருக்கும் அந்தச் சோதனை நடக்கட்டும் என்றாள். தப்பே வராத பொருளுக்குச் சோதனையில் என்ன பயம் என்று அவனும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

கண்கட்டுச் சோதனைக்குக் கையேட்டம்மா வெளியே ஆள் தேடுவதில்லை. அவள் நாத்தனாரே வீட்டில் இருந்தாள். கணவனின் அக்கா; நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நீதிபதி சொன்னதற்கு மேல் ஒரு எழுத்தும் அடிக்காதவள், கீழேயும் விடாதவள். ஒருமுறை நீதிபதி தீர்ப்புக்கு நடுவே இருமினார் என்றும், அந்த இருமலும் தீர்ப்பில் ஏறிவிட்டது என்றும், மேல்முறையீட்டில் வக்கீல்கள் அந்த இருமலின் பொருள் என்ன என்று அரை நாள் வாதாடினார்கள் என்றும் வீட்டில் ஒரு கதை உலவுகிறது. அவள் அதை மறுத்ததில்லை. கையேட்டில் "சற்றுக் காத்திருக்கவும்" என்று எழுதியிருந்தால் அவ்வளவுதான், எதுவரை என்று எழுதாதவரை எழுந்திருக்க மாட்டாள். அப்படி ஒரு தடவை பொழுது சாயும்வரை திரைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். கையேட்டம்மாவின் கணவன்தான் அன்று சமைத்தான், அதைச் சாப்பிட்டவர்களிடம் இப்போதும் அந்த நாளைப் பற்றிப் பேச முடியாது.

அப்படிப்பட்ட அண்ணி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் சிமுலேட்டரைத் திறந்தாள். முதல் கட்டளையை ஒழுங்காக அடித்தாள். "மிகச் சரி" என்றது திரை. இரண்டாவதில் அவள் விரல், பழைய பழக்கத்தில், "மாண்புமிகு நீதிமன்றத்தின் முன்" என்று ஓடிவிட்டது. திரையில் அழகாகச் சரியான கட்டளை விழுந்தது. "மிகச் சரி" என்று மறுபடியும் பாராட்டியது.

அண்ணி கையை எடுத்துவிட்டாள். வேலை பார்த்த காலமெல்லாம் எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் அசையாதவளின் முகம் இப்போது சிவந்துவிட்டது.

"ஏம்மா, நான் தப்பா அடிச்சிருக்கேன். இது சரிங்குது. என்ன திமிர் இருந்தா என்னைப் பாத்து இப்படிச் சொல்லும்?"

"அது எல்லாரையும் அப்படித்தான் சொல்லும் அண்ணி."

"எல்லாரையும் சொன்னா அப்புறம் என்னை எதுக்கு உக்கார வச்ச?"

சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனவள், கூடையிலிருந்து ஒரு நல்ல எடையுள்ள உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து ஸ்பேஸ் பொத்தானின் மேல் நிதானமாக வைத்தாள். பிறகு துவைத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். உருளைக்கிழங்கு ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டே போனது. சர்வர்களை அமைத்தது, பேக்கப் எடுத்தது, தொலைந்ததை மீட்டது. எங்கேயும் அதற்குச் சந்தேகமே வரவில்லை. கடைசித் துணியை மடித்து முடிப்பதற்குள், சிறப்புத் தேர்ச்சி என்று ஓரமெல்லாம் பூவேலை செய்த சான்றிதழ் ஒன்று திரையில் மலர்ந்தது. பெயர் கேட்டது. அண்ணி பொய் எழுதத் தெரியாதவள். உருளைக்கிழங்கு என்றே அடித்தாள்.

சோதனை அறிக்கையோடு அந்தச் சான்றிதழையும் கையேட்டம்மா முதலாளியின் மேசையில் வைத்தாள். அவன் வெட்கப்படுவான், இல்லை, குறைந்தபட்சம் கோபப்படுவான் என்று எதிர்பார்த்து நின்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிரமாதம் என்றான். உருளைக்கிழங்கே தேறுகிறது என்றால் மனுஷன் தேற மாட்டானா என்றான்.

"அக்கா, எல்லாருக்கும் சர்டிஃபிகேட் வேணும். யாருக்கும் வேர்க்கக் கூடாது. அதைத்தான் நான் விக்கிறேன். அதுக்கு எழுத மாட்டீங்கன்னா நாளைக்கு உங்க சாமானை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

வாதத்தில் தோற்றிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. இவன் அவளோடு வாதமே செய்யவில்லையே.

மறுநாள் காலையிலேயே வாடகைக் கடைக்காரர்கள் வந்து லேபை அள்ளிக்கொண்டு போனார்கள். போகும் முன் டிஸ்குகளில் இருப்பதை எல்லாம் அழித்துச் சுத்தமாகத் துடைத்துத் தரச் சொன்னார்கள். முதலாளியே உற்சாகமாகத் துடைத்துக் கொடுத்தான். கையேடுகளின் அச்சுப் பிரதிகளை எல்லாம் வாசலில் பழைய பேப்பர் பெட்டிக்குள் போட்டான். அன்று மதியம் பெரிய வாடிக்கையாளர் வருகிறார். ஊரெல்லாம் பேருந்து ஓட்டுகிற நிறுவனத்தின் கணினிப் பிரிவுத் தலைவி. பாடத்தைத் தன் ஆட்கள் எல்லாருக்கும் வாங்கப் போகிறவர். அதற்குள் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும். கையேட்டம்மா தன் கோப்பையையும், செருப்பையும், லேபில் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் கம்பளிச் சட்டையையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விசிறிச் சத்தம் நின்றுபோன அந்த இடத்தில், தான் அடுக்குகிற ஓசையே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

அப்போதுதான் மாடியிலிருந்து தேன்குரல் ஒரு சத்தம் போட்டார். அந்தக் குரலிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் நினைத்ததில்லை. பிரஷர் குக்கர்கூட அதைவிட இனிமையாக விசிலடிக்கும்.

விஷயம் இதுதான். மாடியில் டிஸ்க் நிரம்பிவிட்டதால், புதிய பாடத்தின் பதிவுகளை எல்லாம் தேன்குரல் "தற்காலிகமாக" லேபில் இருந்த பெரிய சர்வரில் போட்டு வைத்திருந்தார். அந்த அலுவலகத்தில் தற்காலிகமாக வைத்த எதுவும் இடம் மாறியதில்லை. வாசல் கதவை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த செங்கல்லுக்குக்கூட அவர்கள் வைத்த பெயர் தற்காலிகம்தான். முழுப் பாடமும் அந்த சர்வரில் இருந்தது. முதலாளி தன் கையாலேயே துடைத்த சர்வர் அது.

புதிய பாடத்தின் தலைப்பு, தொலைந்த தகவலை மீட்பது எப்படி.

எப்படி மீட்பது என்று சொல்லும் வீடியோவே தொலைந்தவற்றில் ஒன்று என்பது எல்லார் மண்டையிலும் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் எல்லாரும் தேன்குரலைப் பார்த்தார்கள். பேசியவருக்குத் தெரியாதா? அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நினைவில் இருப்பது "மிக எளிது" என்பதும் "அவ்வளவுதான்" என்பதும் மட்டும்தான் என்றார். நடுவில் இருந்ததெல்லாம் திரையில் ஓடியது, அவர் வாசித்தார்.

"நான் வெறும் தொண்டை சார். கை எல்லாம் கீழ இருக்கிற அவங்கதான்."

முதலாளி படிகளில் இறங்கி வரவில்லை. விழுந்து வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று ஹெட்ஃபோனும் பின்னால் வால் மாதிரி இழுபட்டு வந்தன, அவற்றுக்கும் பின்னால் தேன்குரல் வந்தார். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. பாடத்துக்காகக் கையேட்டம்மா லேபில் அமைத்துப் பார்த்த பேக்கப், யாரும் நிறுத்தச் சொல்லாததால் தினமும் மாலையில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அலமாரிக்குள், பழைய வயர்களுக்குப் பின்னால், ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. கடைக்காரர்கள் கண்ணில் அது படவில்லை.

முதலாளி அந்தப் பெட்டியைக் கும்பிடாத குறை. சீக்கிரம் மீட்டுக் கொடுங்கள் அக்கா என்று கெஞ்சினான்.

கையேட்டம்மாவின் கை தானாகவே கீபோர்டுக்குப் போனது. பாதி வழியில் அதை நிறுத்தினாள். அவள் போட்டால் வந்துவிடும். வந்ததும் இவன் நெற்றியைத் துடைத்துக்கொள்வான். மதியம் வாடிக்கையாளருக்கு உருளைக்கிழங்குக்கும் தேர்ச்சி தரும் சிமுலேட்டரைக் காட்டி விற்பான். அவள் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குப் போவாள். நாளை எங்கேயோ ஒரு பேருந்து நிலையத்தில் ஒரு சர்வர் விழும்போது, சான்றிதழ் வாங்கிய ஒருத்தன் அதன் முன்னால் நின்று எந்தப் பொத்தானையாவது தட்டுவான்.

"நான் கை வைக்க மாட்டேன்," என்றாள்.

முதலாளிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"நான் பண்ணினா உங்க ஃபைல் வரும், அது மட்டும்தான் வரும். நீங்களே பண்ணுங்க. கையேடு வாசல்ல பழைய பேப்பர் பெட்டில இருக்கு. குனிஞ்சு எடுத்துக்கோங்க."

விளையாடுகிற நேரமா இது என்று கத்தினான், வேலையை விட்டு நீக்குவேன் என்றான். அதை நேற்றே செய்துவிட்டீர்களே என்று அவள் தன் அட்டைப்பெட்டியைக் காட்டினாள். பிறகு அவன் வாசலுக்கு ஓடினான். பழைய காகிதங்களுக்குள் அரை உடம்பு போய், காலை மட்டும் வெளியே உதைத்துக்கொண்டு, ஒருவழியாகக் கையேட்டோடு வெளியே வந்தான்.

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பார்க்கக் கல் மாதிரி இருந்தாள். அவன் ஒரு இடத்தில் தப்பாக அடித்தால் பேக்கப்பும் போய்விடும். அதில் இருப்பது தேன்குரலின் பேச்சு மட்டும் அல்ல. அவள் எழுதிய எல்லாக் கையேடுகளின் மூலப் பிரதிகளும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் இருந்தன. அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளி ஒவ்வொரு எழுத்தாக, கண்ணாடி மேல் நடக்கிறவன் மாதிரி அடித்தான். எண்டரைத் தட்டும் முன் அவன் விரல் அந்தரத்தில் நின்று நடுங்கியது. ஒரு ஈ வந்து அதன்மேல் உட்கார்ந்து, நடுக்கம் தாங்காமல் பறந்துபோனது என்று தேன்குரல் இன்றும் சொல்கிறார். கையேடு சொன்னபடி முதலில் ஒரே ஒரு சின்ன ஃபைலைத் தனி இடத்தில் மீட்டுப் பார்த்தான். வந்தது. குதித்து எழுந்து தேன்குரலைக் கட்டிக்கொண்டான். "முழுவதையும் மீட்கவும்" என்ற படிக்கு வந்து, அடித்து, தட்டினான்.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள்.

அவன் கை மூடும் பொத்தானுக்குப் பாய்ந்தது. நடுவழியில் கண் கையேட்டில் விழுந்தது. "சிவப்பு எழுத்துகள் வந்தால் திரையை மூட வேண்டாம். எழுந்து நின்று சத்தமாகப் படிக்கவும்." எல்லாக் கையேட்டிலும் அவள் போடுகிற வரி அது. பயந்தவன் உட்கார்ந்தபடி வாசித்தால் பாதியைக் கண்ணாலேயே விழுங்கிவிடுவான் என்பது அவள் கண்டுபிடிப்பு.

முதலாளி எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுக்கிறவனைப் போலப் படித்தான். படிக்கப் படிக்கக் கையேட்டம்மா முக்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். இது அவள் எழுதிய தடங்கல் இல்லை. கையேட்டில் அவள் வைத்திருந்தது அனுமதி மறுக்கப்படுகிற சிக்கல். இது வேறு. அடுத்த பக்கத்தில் இதற்கு விடை கிடையாது. அவன் பக்கத்தைத் திருப்பினான், அங்கே ஒன்றும் இல்லாமல் அவளைத் திரும்பிப் பார்த்தான். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அவள் பல்லால் கடித்துப் பிடித்தாள்.

"திரும்பப் படிங்க," என்றாள் கடைசியில்.

அவன் திரும்பப் படித்தான். மூன்றாம் தடவை, மெதுவாக. "இடம் போதவில்லை..." என்று நிறுத்தினான். யாரிடமும் கேட்காமல் தனக்குத் தானே பேசிக்கொண்டான். போட முயன்ற இடம் அவன் சொந்தக் கணினி; அது சின்னது. பெரிய சர்வர்கள் கடைக்குப் போய்விட்டன. இந்தக் கட்டடத்தில் இவ்வளவு இடம் உள்ள டிஸ்க் ஒன்றே ஒன்றுதான். சிமுலேட்டருக்காகப் புதிதாக வாங்கியது. அதில் சிமுலேட்டர் மூலைமுடுக்கெல்லாம் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதைத் திரும்பக் கேட்டால் விற்றவர்கள் தருவார்கள். ஆனால் இன்று மதியத்துக்குள் வராது.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தான். கையேட்டைப் பார்த்தான். அழிக்கும் கட்டளையை அவனே அடித்தான். விரல் மறுபடியும் அந்தரத்தில் நின்றது. இந்த முறை நடுங்கியது கையேட்டம்மாவின் முக்காலிதான். அவன் தட்டினான்.

மீட்புக் கோடு நத்தை நகர்வது மாதிரி நகர்ந்தது. வீடியோவாக இருந்தால் இந்த நேரத்தை வெட்டி எறிந்திருப்பார்கள். இங்கே மூன்று பேரும் அதன் முன்னால் பிரசவ அறைக்கு வெளியே இருப்பவர்கள் மாதிரி காத்திருந்தார்கள். கடைசியில் தேன்குரலின் முகம் திரையில் தோன்றி, "மிக எளிது" என்றது. முதலாளி அந்த முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது.

வாடிக்கையாளர் வந்தார். பிறந்ததிலிருந்து சிரித்தே இராதவர் போல ஒரு முகம். எதைத் தட்டினாலும் சரியாக வருமாமே, அதைக் காட்டுங்கள் என்றார் உட்கார்ந்ததும்.

"அழிச்சுட்டேன் மேடம்."

"ஏன்?"

"இடம் தேவைப்பட்டுச்சு."

அந்த அம்மாள் புருவத்தை உயர்த்தினார். முதலாளி சட்டை முதுகோடு ஒட்டிப்போய் நின்றான். தலைமுடியில் இன்னும் ஒரு காகிதத் துண்டு இருந்தது. உங்கள் ஆட்களுக்கு வேர்க்கும் மேடம், திட்டுவார்கள், புகார் எழுதுவார்கள் என்றான். விற்கிற ஆள் சொல்லும் பேச்சா இது என்று தேன்குரல் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாளோ, தன் அலுவலகச் சுவரில் ஆணி அடிக்க இடமில்லாமல் சான்றிதழ்கள் தொங்குவதாகவும், போன மாதம் டிக்கெட் சர்வர் விழுந்தபோது சான்றிதழ்காரர்கள் அத்தனை பேரும் துக்க வீட்டில் நிற்பதுபோல் அதைச் சுற்றி நின்றதாகவும் சொன்னார். பிறகு கையேட்டை வாங்கிப் புரட்டி, நாற்காலியை இழுத்து, தானே கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தார். கையேட்டம்மா அப்போதுதான் தன் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தாள். இரண்டும் மரத்துப் போயிருந்தன.

வாடகை சர்வர்கள் அந்த வாரத்திலேயே படிக்கட்டுக்கு அடியில் திரும்பி வந்தன. முதலாளியின் அலட்டலைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் தான் மீட்ட கதையைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் தொலைந்த ஃபைல்கள் பெருகின, சிவப்பு எழுத்துகள் ஆளுயரம் வளர்ந்தன. ஆனாலும் ஒரு நாள் கையேட்டம்மாவின் மேசைப் பக்கம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். உடைக்கும் பக்கம் இருக்கட்டும், ஆனால் அதற்கு மேலே ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டான். "பயப்பட வேண்டாம்" என்று. படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே.

"பயப்படட்டும்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரே ஒரு வரிதானே அக்கா என்றான். அவள் பாடத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தாள். இடம் போதாமல் போகும் பக்கம். விசிறிகள் மறுபடியும் நாலு விமானத்துக்குச் சமமாக இரைந்துகொண்டிருந்தன. படிப்பவர் தாம் ஆசை ஆசையாக வாங்கி வைத்திருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழிக்கவும் என்று அடித்து, ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த படிக்குப் போனாள்.